கியர்பெட்டியும் பின் அச்சும்: எம்.ஜி. கார்களின் ஒரு விகிதக் கணக்கு

இங்கிலாந்தின் அபிங்டன் நகரத் தொழிற்சாலையில் 1955 முதல் 1962 வரை உருவான எம்.ஜி.ஏ., அதைத் தொடர்ந்து 1980 வரை உருவான எம்.ஜி.பி. ஆகிய இரு கார்களையும் பேணி ஓட்டுவோரிடையே அரை நூற்றாண்டுக்கும் மேலாக நிலைத்துவிட்ட வழக்கம், பழைய கியர்பெட்டியைக் கழற்றிவிட்டு அதைவிட வசதியான வேறொன்றைப் பூட்டுவது. பட்டறைப் பேச்சில் ஒரே வேலையாக ஒலிக்கும் இது, உண்மையில் எஞ்சினுக்கும் பின் சக்கரத்துக்கும் இடையிலுள்ள ஒவ்வொரு பாகத்தையும் மறுபடி கணக்கிட வைக்கும் வேலையாகவே இருந்து வந்துள்ளது.

கணக்கின் தொடக்கம் பின் அச்சில் இருக்கிறது. அச்சின் நடுவே, கியர்பெட்டியிலிருந்து வரும் புரொப்பல்லர் ஷாஃப்டின் முனையில் சுழலும் பினியன் என்ற சிறு பற்சக்கரம், கிரவுன் வீல் என்ற பெரிய பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது. கிரவுனில் 43 பற்களும் பினியனில் 10 பற்களும் இருந்தால், சக்கரம் ஒரு முறை சுற்ற ஷாஃப்ட் 4.3 முறை சுற்ற வேண்டும். எம்.ஜி.ஏ.வின் பெரும்பாலான கார்களுக்கு அமைந்த விகிதம் இதுவே. வளைந்து நெளியும் நாட்டுப்புறச் சாலைகளில் இந்த விகிதம் காருக்குத் துடிப்பைத் தந்தது, ஆனால் 1959 நவம்பரில் எம்1 நெடுஞ்சாலை திறக்கப்பட்டு, மணிக்கணக்கில் ஒரே வேகத்தில் செல்லும் பயணம் வழக்கமானபோது, மணிக்கு 70 மைல் (ஏறத்தாழ 113 கி.மீ.) வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 4,100 சுற்றுகள் சுற்ற வேண்டியிருந்ததும், அதனால் எழுந்த இரைச்சலும் பெருங்குறையாகத் தெரிந்தன.

எம்.ஜி.பி.யில் இந்த விகிதம் 43/11, அதாவது 3.909 ஆகக் குறைக்கப்பட்டது. தொடக்கத்தில் இரு கார்களுக்கும் ஒரே வகை அச்சு, நடுப்பகுதி பான்ஜோ இசைக்கருவியின் வட்ட உடலைப் போலிருப்பதால் அப்பெயரே பெற்ற பான்ஜோ அச்சு, பொருத்தப்பட்டிருந்தது. அதில் கிரவுனும் பினியனும் தனிக்கூட்டில் அமைந்திருப்பதால், இருபுறத்து அச்சுத் தண்டுகளை வெளியே இழுத்துவிட்டால் அக்கூட்டை அப்படியே கழற்றி எடுத்துவிடலாம். எம்.ஜி.பி.யின் கூட்டை எம்.ஜி.ஏ.வுக்கு மாற்றும் பழக்கம் இதனால்தான் வேரூன்றியது. எனினும் கூடு பொருந்துவது பாதி வேலைதான்: தண்டின் முனையில் வெட்டப்பட்டிருக்கும் ஸ்பிளைன் என்ற நீளவாட்டுக் காடிகளின் எண்ணிக்கை இரு கார்களிலும் வேறு என்பதால், பழைய கூட்டின் பக்கப் பற்சக்கரங்களையும் புதிய கூட்டுக்குள் மாற்றிப் பூட்ட வேண்டும்.

அதன் பிறகும் ஒரு பாகம் ஒத்துவராது. வேகமானியின் கம்பி கியர்பெட்டியின் பின்முனையிலிருந்து இயங்குவதால், அச்சு மாறிய செய்தி அதற்குத் தெரியாது, விகிதம் 4.3-இலிருந்து 3.909-ஆகும்போது ஷாஃப்டின் சுற்று ஒன்பது விழுக்காடு குறைய, முன்பு வேகமானி சரியாகவே காட்டியிருந்தாலும், கார் 70 மைலில் ஓடும்போது முள் 64-ஐ ஒட்டியே நிற்கும். 1965 டிசம்பரில் பிரிட்டனில் 70 மைல் உச்ச வேகம் விதிக்கப்பட்ட பிறகு இது வெறும் துல்லியப் பிரச்சினையாக இருக்கவில்லை.

அச்சைத் தொடாமலே எஞ்சினின் சுற்றைக் குறைக்கும் வழி ஓவர்டிரைவ். எட்கர் டி நார்மன்வில் வடிவமைத்து ஷெஃபீல்டின் லேகாக் நிறுவனம் தயாரித்த இச்சாதனம், கியர்பெட்டியின் பின்னே அமரும் இரண்டாவது சிறு பெட்டி. 1948-இல் ஸ்டாண்டர்டு வேன்கார்டு காரில் அறிமுகமாயிற்று. சுவிட்சைத் தட்டியதும் எண்ணெய் அழுத்தம் ஒரு கூம்பு கிளட்சை நகர்த்த, எஞ்சின் 0.802 சுற்று சுற்றும்போதே ஷாஃப்ட் ஒரு முழுச் சுற்று சுற்றிவிடும். எம்.ஜி.பி.யில் 70 மைல் வேகத்தில் 3,900 அளவில் இருந்த சுற்று இதனால் 3,140-ஐ ஒட்டி இறங்கியது. ஓவர்டிரைவ் இயங்கும் நிலையில் காரைப் பின்னோக்கிச் செலுத்தினால் உள்ளிருக்கும் ஒருவழி கிளட்ச் சிதைந்துவிடும் என்பதால், கியர்பெட்டியிலேயே ஒரு தடுப்பு சுவிட்ச் வைக்கப்பட்டது.

இவ்வளவு பயனுள்ள சாதனத்தை இல்லாத காரில் சேர்ப்பது எளிதாக இருக்கவில்லை. ஓவர்டிரைவுக்கான கியர்பெட்டியின் முதன்மைத் தண்டே வேறு. ஆகவே முழுப் பெட்டியையும் மாற்ற வேண்டும், எம்.ஜி.பி.யிலோ எஞ்சினையும் சேர்த்து வெளியே தூக்காமல் பெட்டி வராது. இதற்கு மேல், 1967-இல் நிகழ்ந்த மாற்றங்கள் பழைய பாகங்களையும் புதிய பாகங்களையும் ஒன்றுக்கொன்று அந்நியமாக்கின. சால்ஸ்பரி வகை அச்சு, 1965-இல் வந்த மூடிய ஜி.டி. வடிவில் முதலில் இடம்பெற்று, 1967-இல் திறந்த காருக்கும் வந்தது. இதில் பற்சக்கரக் கூடு தனியாகக் கழலாது என்பதால், விகித மாற்றம் சாதாரணப் பட்டறையின் கைக்கெட்டாததாயிற்று. அவ்வாண்டின் இறுதியில், முதல் கியர் உட்பட நான்குக்கும் சின்க்ரோமெஷ், அதாவது இணையவிருக்கும் பற்சக்கரங்களின் வேகத்தை உராய்வால் முன்கூட்டியே சமப்படுத்தும் அமைப்பு, கொண்ட கியர்பெட்டி வந்தது. உருவில் பெரிதான இதற்காகத் தரையின் நடு மேட்டையே அகலப்படுத்தினார்கள்; எஞ்சினின் பின்தகடு, பிளைவீல், ஸ்டார்ட்டர் மோட்டார் ஆகியவையும் மாறின. எனவே 1967-க்கு முந்தைய காரில் இதைப் பூட்டத் துணிபவர் தரைத் தகட்டை வெட்ட வேண்டும், இவ்வளவு பாகங்களையும் தேடிச் சேர்க்க வேண்டும், ஷாஃப்டின் நீளத்தையும் சரிபார்க்க வேண்டும். கம்பிச் சக்கரக் கார்களுக்கும் தகட்டுச் சக்கரக் கார்களுக்கும் சால்ஸ்பரி அச்சின் அகலமே வேறு என்பது, கழிவுக் காரிலிருந்து அச்சை வாங்கி வந்தவர்கள் பெரும்பாலும் வீட்டுக்கு வந்த பிறகே அறிந்துகொள்ளும் உண்மை.

1980 அக்டோபரில் அபிங்டன் மூடப்பட்ட பின், ஃபோர்டு சியேராவின் ஐந்து கியர் பெட்டியைப் பொருத்தும் மாற்று வழியும் பரவியது. அப்பெட்டியின் ஐந்தாம் கியர் விகிதம் 0.82, 1967-க்குப் பிந்தைய எம்.ஜி.பி.யில் இடம்பெற்ற லேகாக் ஓவர்டிரைவின் விகிதமும் அதே 0.82 என்பதால், நெடுஞ்சாலையில் கிடைக்கும் பலன் ஒன்றுதான். ஓவர்டிரைவோ மூன்றாம் கியரிலும் இயங்கி, நான்கு கியர்களை ஆறு ஆக்கித் தருகிறது. காரின் இயல்பைப் பேண விரும்புவோருக்கு அதுவே மேலான தேர்வு.

பல கைகள் மாறிய கார்களில் எந்த அச்சு உள்ளது என்பதை ஆவணத்தைக் கொண்டு அறிய இயலாது. கியரை நியூட்ரலில் வைத்து, ஒரு பின் சக்கரத்தை மட்டும் உயர்த்தி, மற்றது தரையில் அசையாதிருக்க, உயர்த்திய சக்கரத்தை இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும் (மற்றது அசையாததால் கிரவுன் அப்போது ஒரு சுற்றே சுற்றும்); ஷாஃப்ட் நான்கு சுற்றுக்குச் சற்று முன்பே நின்றால் அது 3.909, நான்கைக் கடந்து மேலும் கால் சுற்றுக்குச் சற்று அதிகமாகப் போனால் அது 4.3.