பிளாஸ்க் ஜன்னலான கதை

மதுரை பெரியாஸ்பத்திரி பக்கம் காலையில போனீங்கன்னா, டீக்கடை வாசல்ல பிளாஸ்க்கோட நிக்கிறவங்களைப் பார்க்கலாம். அந்த பிளாஸ்க்குக்குள்ள இருக்கிறதுதான் இன்னிக்கு நம்ம விஷயம்: வெற்றிடம்.

இரண்டு சுவர், நடுவில் காற்று இல்லை. அதனால் சூடு எளிதில் கடக்காது. 1892-இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஜேம்ஸ் டூவர், திரவமாக்கிய வாயுக்களை வைத்திருக்கக் கண்டுபிடித்த பாத்திரம் இது. மனுஷன் காப்புரிமை வாங்கவில்லை. ஜெர்மன்காரர்கள் அதையே 'தெர்மோஸ்' என்று விற்றுக் காசு பார்த்தார்கள். அது தனிச் சோகம்.

சரி, இதையே தட்டையாக்கி ஜன்னலில் மாட்டினால்? 1913-லேயே ஜெர்மனியில் ஸோலர் என்பவர் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். ஆனால் உருப்படியாக வேலை செய்த கண்ணாடி 1989-இல்தான் வந்தது, சிட்னி பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் காலின்ஸ் குழுவின் கையில். எழுபத்தாறு வருஷம்!

ஏன் இவ்வளவு தாமதம்? பிளாஸ்க் உருண்டை, வெளிக்காற்றின் அழுத்தத்தைத் தாங்கிடும். தட்டைக் கண்ணாடியில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 10 டன் அழுத்தம் விழும். இரண்டும் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத குட்டித் தூண்களை இரண்டு சென்டிமீட்டருக்கு ஒன்றாக நட்டார்கள். இடைவெளி வெறும் 0.2 மில்லிமீட்டர்.

அதைவிடப் பெரிய தலைவலி விளிம்பு. உள்ளே இருக்கும் அழுத்தம் வெளியே இருப்பதில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் இருக்கணும், அதுவும் வருஷக்கணக்கில். சிட்னிக்காரர்கள் ஓரத்தை எளிதில் உருகும் ஒருவகைக் கண்ணாடியால், 450 டிகிரி வாக்கில் சூடாக்கி மூடினார்கள். நல்லா மூடியது. ஆனால் அந்தச் சூட்டில் டஃபன்டு கண்ணாடி தன் உறுதியை இழந்துவிடும். 156 டிகிரியிலேயே உருகும் இண்டியம் உலோகத்தை வைத்து வட அயர்லாந்தின் அல்ஸ்டர் பல்கலைக்கழகத்தில் முயன்றார்கள். அது விலை அதிகம். இதற்கிடையில் ஜப்பானின் நிப்பான் ஷீட் கிளாஸ் 1990-களிலேயே 'ஸ்பேசியா' என்று இதைக் கடைக்குக் கொண்டுவந்துவிட்டது.

இன்னொரு சிக்கல். ஓரம் இறுக்கமாக ஒட்டியிருப்பதால், வெளிக்கண்ணாடி சூட்டில் விரியும்போது உள்கண்ணாடி பிடித்து இழுக்கும். அந்த இழுவை விளிம்பிலும் விழும்.

அப்போ மதுரைக்கு இது வேணுமா? பனிக்கால ஐரோப்பாவில் வெளியே மைனஸ் 10, உள்ளே 20. வித்தியாசம் 30 டிகிரி. நம்ம ஊர் மே மாசத்தில் வெளியே 40, ஏசி 25, வித்தியாசம் 15. பாதிதான். அதோட, வெயில் வெற்றிடத்தைத் தாண்டி வரும். சூரியனிலிருந்து பூமிக்கே அப்படித்தானே வருது! அதைத் தடுக்கக் கண்ணாடி மேல் தனிப் பூச்சு வேணும். இல்லையா, வெயில் கண்ணாடியைத் தொடுறதுக்கு முன்னாடியே மறைக்கணும். திருமலை நாயக்கர் மகாலின் ஆழமான தூண் வரிசை, சுத்துப்பட்டு கிராமத்து வீடுகளின் தாழ்வாரம், இரண்டும் அதைத்தான் செய்தன.

என் கணக்கு இதுதான்: மேற்குப் பார்த்த கண்ணாடிச் சுவர் கட்டுறவங்க முதலில் நிழலுக்குச் செலவழிக்கட்டும். இரவுபகல் ஏசி ஓடும் ஆபரேஷன் தியேட்டர், சர்வர் அறை மாதிரி இடங்களில் ஜன்னல் கட்டாயம் வேணும்னா, அங்கே வெற்றிடக் கண்ணாடியின் விலையைக் கேட்டுப் பார்க்கலாம். கேட்கும்போது விளிம்புக்கு எத்தனை வருஷம் கேரண்டி என்றும் சேர்த்துக் கேளுங்க.