அஷ்டமி நவமி பற்றிய அச்சத்தின் தோற்றம்

அஷ்டமியிலும் நவமியிலும் எக்காரியமும் தொடங்கலாகாது என்னும் எண்ணம் நம் நாட்டில் வேரூன்றியுள்ளது. அஷ்டமியில் அவதரித்த கண்ணபிரான் மாமனால் துன்புற்றான், நவமியில் அவதரித்த பெருமாள் காடேகினார் என்று அதற்குக் காரணமும் கூறுவர். எம்பெருமான் அவதரித்த நாள் அவனுக்கே ஆகாதாயிற்று என்னும் இக்கூற்று, அவதாரம் கர்மத்தினாலன்று, இச்சையினாலே என்னும் ஸித்தாந்தத்துக்கே முரணானது.

ஸ்ரீராமாயணமும் இதற்கு இடந்தரவில்லை. பாலகாண்டம் சைத்ர நவமியையும் புனர்பூசத்தையும் கூறுகிறதேயன்றி அத்திதியின்மேல் குறை ஏதும் ஏற்றவில்லை. பட்டாபிஷேகத்துக்குத் தசரதன் தேர்ந்தது பூசம் கூடிய நன்னாள். அந்நாளிலேயே பெருமாள் வனத்துக்கு எழுந்தருளினார். நாளே துயருக்குக் காரணமாயின் பழி பூசத்தையன்றோ சேரவேண்டும்?

அஷ்டமியை விலக்கும் வழக்கின் வேர் அநத்யயன விதியில் உள்ளது. அமாவாஸ்யையில் ஓதினால் ஆசார்யனுக்கும், சதுர்தசியில் ஓதினால் சிஷ்யனுக்கும், அஷ்டமி பௌர்ணமிகளில் ஓதினால் வேதத்துக்கும் கேடு என்கிறது மநுஸ்ம்ருதியின் நான்காம் அத்யாயம். ஸுந்தரகாண்டத்தில் திருவடி வானர முதலிகளிடம் பிராட்டியின் மெலிவைக் கூறுகையில், ப்ரதமையில் ஓதுபவனுடைய கல்வி தேய்வதையே உவமையாக்குகிறார். அவ்வளவு பழைய வழக்கு அது. ஆயினும் நாள் தீயது என்பதனால் ஓதல் நின்றதன்று. பௌர்ணமியும் அவ்வரிசையில் உள்ளதே; அதனை அசுபம் என்பார் யார்? இவை உபவாஸத்துக்கும் வ்ரதத்துக்கும் உரிய நாள்கள். பிற சமயத் துறவிகள் 8, 14, 15ஆம் நாள்களில் கூடி அறம் உரைப்பதைக் கண்ட மகத மன்னன் பிம்பிஸாரன் வேண்டியதால் பௌத்த ஸங்கமும் அவ்வழக்கை ஏற்றது என விநயபிடகம் கூறுகிறது. லௌகிக காரியங்களை விட்டிருத்தற்கு வைத்த நாள், பின்னாளில் அவற்றைச் செய்தால் கெடும் நாளாக எண்ணப்பட்டது எனக் கொள்வதே பொருந்தும்.

நவமியின் வரலாறு வேறு. வராஹமிஹிரர் ப்ருஹத்ஸம்ஹிதையில் திதிகளை நந்தா, பத்ரா, விஜயா, ரிக்தா, பூர்ணா என ஐவகையாக்குகிறார். 4, 9, 14 ஆகியவை ரிக்தையில், அதாவது வெறுமையில், அடங்குகின்றன. எண்ணும் முறையால் வந்த பெயரேயன்றி வேறில்லை. அவ்வகுப்பில் அஷ்டமியோ விஜயை. இரண்டையும் ஒருசேர விலக்கும் உலகவழக்கு இதனோடு ஒவ்வாது.

ராகுகாலம், எமகண்டம் ஆகியவை கிழமையைக் கொண்டு கணிக்கப்படுவன. வேதாங்க ஜ்யோதிஷத்தில் கிழமையே இல்லை. அறியப்பட்டவற்றுள் கிழமை குறித்த முதல் இந்தியக் கல்வெட்டு, புதகுப்தன் காலத்து ஏரண் தூண் சாஸனம்: குப்த ஆண்டு 165 (கி.பி. 484), ஆஷாட சுக்ல த்வாதசி, வியாழக்கிழமை. அத்தூண் ஜநார்தனனுக்கு எடுத்த த்வஜஸ்தம்பம் என்பது நம்மவர்க்கு உவப்பான செய்தி.

கர்மங்களுக்குக் காலநியமம் உண்டு; ஜ்யோதிஷ்டோமத்துக்கு வஸந்தம் போல. விவாஹாதிகளுக்கு முஹூர்த்தம் பார்ப்பதும் அவ்வகையே. பூர்வர்கள் அதனை மறுத்திலர். ப்ரபத்திக்கோ தேசநியமமும் காலநியமமும் இல்லை, விஷயநியமமே உண்டு என்று பிள்ளைலோகாசார்யர் ஸ்ரீவசனபூஷணத்தில் அறுதியிட்டார். சரணம் புக விழைந்து வந்தவனை அஷ்டமி கழியட்டும் என்று திருப்பியனுப்புதல் அதற்கு மாறு. திரௌபதி நீராடிவந்து ப்ரபத்தி பண்ணினாளல்லள் என்பதை அவர் அங்கேயே எடுத்துக்காட்டியருளினார்.