பிஸ்டன் சொல்லும் ஊர்க்கதை

ஆரணி என்ற பெயருக்கு ஊரார் சொல்லும் காரணங்களில் ஒன்று, ஆறு அணிந்த ஊர் என்பது. ஆறு கமண்டல நாகநதி. இதில் என்னை இழுப்பது பின்பாதிதான். அணி என்றால் நகை, வரிசை, படை வகுப்பு. தண்டியலங்காரத்தில் அது செய்யுளின் அழகு. விளையாட்டுப் பக்கத்தில் ஆட்டக்காரர் குழு. அப்படியானால் ஓர் அணிக்குப் பெயர் எங்கிருந்து வர வேண்டும்?

கூடைப்பந்தைப் பார்ப்போம். 1891 டிசம்பரில் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நைஸ்மித் பீச் பழக்கூடைகளை அறைந்து மாட்டி ஆட்டத்தைத் தொடங்கினார். ஆசிரியர் பெயரையே வைக்கலாம் என்றார் மாணவர் ஃபிராங்க் மகான். நைஸ்மித் மறுக்கவே, கண்ணெதிரே இருந்த கூடையும் பந்தும் பெயராயின. கூடை போய் இரும்பு வளையம் வந்த பிறகும் பெயர் நிலைத்துவிட்டது.

அணிப் பெயர்களில் நான் பெரிதும் மதிப்பது பிஸ்டன்ஸ். அமெரிக்காவின் ஃபோர்ட் வேய்ன் நகரில் ஃபிரெட் ஸோல்னருக்கு எஞ்சின் பிஸ்டன் வார்க்கும் ஆலை இருந்தது. 1941இல் அவருடைய அணி 'ஸோல்னர் பிஸ்டன்ஸ்' என்ற பெயரில் தொழில்முறை லீகில் இறங்கியது. ஆட்டக்காரர்கள் ஆலையின் ஊழியர்களாகவும் இருந்தார்கள். 1948இல் வேறு லீகுக்கு மாறியபோது முதலாளியின் பெயர் உதிர்ந்தது, பண்டத்தின் பெயர் தங்கியது. 1950 நவம்பர் 22 அன்று லேக்கர்ஸ் அணியை 19-18 என்று வென்றார்கள், என்.பி.ஏ. என்ற அமெரிக்கக் கூடைப்பந்து லீகின் வரலாற்றில் இவ்வளவு குறைந்த புள்ளிகளில் முடிந்த ஆட்டம் வேறில்லை. 1957இல் அணி டெட்ராய்ட்டுக்குக் குடிபெயர்ந்தது. கார் செய்யும் நகரத்தில் பிஸ்டன் அந்நியமாகுமா? ஐசையா தாமஸ், ஜோ டுமார்ஸ் காலத்தில் 1989, 1990 பட்டங்கள். பென் வாலஸ், சான்சி பில்லப்ஸ் காலத்தில் 2004 பட்டம். ஏரிகள் நிறைந்த மின்னசோட்டாவில் பிறந்த லேக்கர்ஸ் பெயரோ 1960இல் லாஸ் ஏஞ்சலஸ் போனதும் பொருளை இழந்தது.

தமிழ்நாட்டிலும் வேலைதான் அணிக்குப் பெயர் கொடுத்தது: ஐ.ஓ.பி., இந்தியன் வங்கி, தெற்கு ரயில்வே. சம்பளம் தந்த இடமே சட்டையில் எழுதியிருந்தது. 2021இல் பத்மஸ்ரீ பெற்ற அனிதா பால்துரை தெற்கு ரயில்வேக்கு ஆடியவர். பிறகு வந்த லீகுகளில் பெயர்கள் மாறின. 2015இல் சென்னை ஸ்லாம்: பந்தை வளையத்துக்குள் அறையும் 'ஸ்லாம் டங்க்' என்பதன் பாதி. 2022-23இல் சென்னை ஹீட்: அமெரிக்காவின் மயாமி அணி 1988இலிருந்தே வைத்திருக்கும் பெயர். சென்னை வெயிலுக்கு ஒத்துவரும்தான். ஆனாலும் இரவல் இரவல்தான்.

பட்டு நெசவு ஊரான ஆரணிக்கு அந்தக் குறை வர வேண்டியதில்லை. உடலையும் கரையையும் தனித்தனி நூலால் நெய்து கோக்கும் கோர்வைச் சேலைக்கு ஓராள் போதாது. ஊடை நூலை ஓட்டும் கருவி நாடா. உடலுக்கு ஒரு நாடா, கரைக்கு வேறு நாடா. நெசவாளரும் பக்கத்தில் உட்கார்ந்த துணையாளும் பாவின் திறப்புக்குள் நாடாவை விட்டு வாங்குகிறார்கள். ஒருவர் கை பிந்தினால் கரை கோணும். கூடைப்பந்தில் 'பாஸ்' கொடுப்பதும் இந்தக் கணக்குதான்.

ஆகவே ஆரணிப் பள்ளிகளின் உடற்கல்வி ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம்: அடுத்த முறை அணிக்குச் சட்டை தைக்கக் கொடுக்கும்போது, புலி, சிங்கம் வேண்டாம். முதுகில் 'ஆரணி நாடா' என்று எழுதச் சொல்லுங்கள்.