சதுர அடைப்புக்குள் ஒரு விருப்பம்

செங்கோட்டைக்காரன் டெக் வரலாறு எழுதினால் ஆரியங்காவு தாண்டாமல் முடியுமா? மலைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரத்தில்தான் 1998-இல் இந்திய டெக் பயனர் குழு பிறந்தது. 2002-இல் உலக மாநாடும் அங்கே நடந்தது.

டொனால்ட் குனூத் 1978-இல் தந்த அச்சுக்கோப்பு மொழி டெக். அதன்மேல் லெஸ்லி லாம்போர்ட் 1980-களில் கட்டியது லேடெக். அதில் நாமே கட்டளை செய்துகொள்ளலாம், அதுதான் மேக்ரோ. வினாத்தாளுக்கு 'வினா' என்று ஒன்று செய்தேன். எல்லாவற்றுக்கும் 5 மதிப்பெண், ஒன்றுக்கு மட்டும் 10 என்றால்? ஒவ்வொரு தடவையும் 5, 5 என்று தட்டணும். இல்லையென்றால் டெக்கின் வயிற்றுக்குள் கைவிடணும். அது வல்லுநர் வேலை.

1994-இல் வந்த லேடெக் 2ஈ வழிவிட்டது. 'நியூகமாண்ட்' வரியிலேயே வழக்கமான மதிப்பு 5 என்று சொல்லிவிடலாம். சும்மா விட்டால் 5. சதுர அடைப்பில் 10 போட்டால் 10. கட்டளையைப் பிற்பாடு விரித்தாலும் பழைய தாள்கள் அப்படியே அச்சாகும். என்னைக் கேட்டால் இதுதான் பெரிய லாபம்! ஆனால் ஒரே ஒரு விருப்ப இடம், அதுவும் முதலாவது. அந்தக் கட்டு அவிழ 2020 அக்டோபர் ஆயிற்று. 'நியூடாக்குமெண்ட்கமாண்ட்' லேடெக்கின் உள்ளேயே சேர்ந்தது.

மாணவத் தம்பி தங்கைகளே, பழைய முறையில் எழுதும்போது மதிப்புக்குள்ளேயே சதுர அடைப்பு வந்தால், சுற்றி நெளிவு அடைப்பு போட்டுவிடுங்க. இல்லாவிட்டால் முதல் மூடலிலேயே நின்றுவிடும்.