பச்சையும் பொன்னிறமும்

மைதானத்தில் சிவப்பு ஜேர்சியோடு ஓடும் எங்கள் பாடசாலைப் பிள்ளைகளிடம் "நியூட்டன் ஹீத் தெரியுமா?" என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. மென்செஸ்டர் யுனைட்டடின் பழைய பெயர் அது.

1878இல் புகையிரதத் தொழிலாளர்கள் தொடங்கிய உதைபந்தாட்டக் கழகம். பச்சையும் பொன்னிறமும் அவர்களின் நிறங்கள். 1902 ஜனவரியில் கடன் 2,670 பவுண். கழகத்தைக் கலைக்கும்படி கட்டளையும் வந்துவிட்டது.

அணித்தலைவர் ஹரி ஸ்டஃபோர்ட் சும்மா இருக்கவில்லை. தலைக்கு 500 பவுண் போட 4 வர்த்தகர்களைத் தேடிப்பிடித்தார். அவர்களில் ஒருவரான ஜோன் ஹென்றி டேவிஸ் கழகத்தின் தலைவரானார். ஸ்டஃபோர்டின் நாய் காணாமற்போய் டேவிஸிடம் அகப்பட்டதால்தான் இருவருக்கும் அறிமுகம் என்று ஒரு கதையும் சொல்வார்கள்.

கழகம் பிழைத்தது. ஆனால் பெயரும் நிறமும் மாறின. 1908இல் முதல் லீக் வெற்றி, 1910இல் ஓல்ட் ட்ரபர்ட் மைதானம்.

2005இல் கிளேசர் குடும்பம் கழகத்தை வாங்கியது. வாங்குவதற்குப் பட்ட கடனில் பெரும்பகுதியைக் கழகத்தின் தலையிலேயே கட்டியது. 2010இல் எதிர்ப்புக் காட்டிய ரசிகர்கள் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்த சால்வையின் நிறம் என்ன தெரியுமா? பச்சையும் பொன்னிறமும்!

டேவிஸ் கடனை அடைக்க வந்தார். கிளேசர் கடனோடு வந்தார்கள். வாங்க வருபவரிடம் எவ்வளவு காசு இருக்கிறது என்று மட்டும் பார்த்தால் போதாது. அது யாருடைய காசு என்றும் கேட்க வேண்டும்.