கால் மிஞ்சினால் போதுமா, நடக்க வேண்டாமா?

 பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

மழை பிடித்துவிட்டது. பர்லியாறு பக்கம் வண்டி கவிழ்ந்தது, கல்லட்டியில் பிரேக் பிடிக்கவில்லை, தேயிலைச் சரிவில் கொழுந்து மூட்டையோடு வழுக்கி விழுந்தார் என்று வாரம் ஒரு செய்தி வருகிறது. அதன் பின்னாலேயே எனக்கு ஒரு போனும் வரும். "சார், எலும்பு வெளியே தெரியுதாம். காலை எடுக்கணும்னு சொல்றாங்களாம். கீழே கோயமுத்தூர் கொண்டு போனா காப்பாத்திடுவாங்களா?" நான் டாக்டர் இல்லை. ஆசிரியர் பயிற்சி முடித்து, கடைசி வரை பள்ளிப் பிள்ளைகளோடு இருந்தவன். ஆனால் இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு பெரிய சரித்திரம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால், அந்த நேரத்தில் டாக்டர் சொல்வது நமக்குப் பாதியாவது விளங்கும்.

எலும்பு முறிவு இரண்டு வகை. தோல் கிழியாமல் உள்ளேயே முறிவது ஒன்று. தோலைக் கிழித்து, காயத்தோடு முறிவது இன்னொன்று. முதல் வகைக்கு மூங்கில் சிம்பு வைத்துக் கட்டி, உலகம் முழுக்க நாட்டு வைத்தியர்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் குணம் கண்டிருக்கிறார்கள். நம் பக்கம் புத்தூர் கட்டு என்றால் தெரியாதவர் உண்டா? இரண்டாம் வகைதான் எமன். காயத்தின் வழியே அழுக்கு உள்ளே போகும், சீழ் பிடிக்கும், அழுகும், ஆள் போய்விடுவார். அதனால் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஐரோப்பாவின் பெரிய ஆஸ்பத்திரிகளில்கூட இதற்குப் பெரும்பாலும் ஒரே வைத்தியம்தான்: காலை வெட்டுவது. 1846இல் ஈதர் மயக்க மருந்து வருவதற்கு முன்னால் அதையும் நினைவோடு இருக்கும்போதே செய்தார்கள்.

மாற்றம் ஒரு சிறுவனின் காலில் தொடங்கியது. 1865 ஆகஸ்ட் 12. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரம். ஜேம்ஸ் கிரீன்லீஸ் என்ற 11 வயதுப் பையனின் இடது காலில் வண்டிச் சக்கரம் ஏறி, காயத்தோடு எலும்பு முறிந்தது. ஜோசப் லிஸ்டர் என்ற அறுவை மருத்துவர் அந்தக் காலை வெட்டவில்லை. கார்பாலிக் அமிலத்தில் நனைத்த துணியைக் காயத்தின் மேல் வைத்தார். கார்லைல் என்ற ஊரில் சாக்கடை நாற்றத்துக்கு அதை ஊற்றுகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தார். சீழ் பிடிக்கவில்லை. ஆறு வாரத்தில் எலும்பு கூடிவிட்டது. 1867இல் இப்படி 11 பேரின் கதையை லிஸ்டர் எழுதி வெளியிட்டார். ஒருவர் இறந்தார், ஒருவருக்குக் கால் போயிற்று, ஒன்பது பேர் காலோடு வீடு போனார்கள். அந்தக் காலத்தில் இது நம்ப முடியாத கணக்கு.

அடுத்த பாடத்தைப் போர்க்களம் சொல்லிக் கொடுத்தது. முதல் உலகப் போரின் தொடக்கத்தில் துப்பாக்கிக் குண்டு பட்டுத் தொடை எலும்பு முறிந்தவர்களில் நூற்றுக்கு எண்பது பேர் இறந்தார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். முறிந்த கால் ஆட ஆட, உள்ளேயே இரத்தம் கொட்டும். லிவர்பூலில் இருந்த ஹியூ ஓவன் தாமஸ் பல வருடங்களுக்கு முன்பே ஒரு எளிய இரும்புச் சட்டம் செய்து வைத்திருந்தார். காலை நீட்டி, ஆடாமல் பிடிக்கிற சட்டம். 1917இல் அர்ராஸ் போரில், அடிபட்ட இடத்திலேயே அதை மாட்டி அனுப்பினார்கள். இறப்பு நூற்றுக்கு 16க்குள் வந்தது. புது மருந்து எதுவும் இல்லை. ஆடாமல் பிடித்ததுதான் பெரிய வித்தியாசம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

எலும்பு முறிவில் இன்னொரு எமன் டெட்டனஸ், அதாவது தசைவிறைப்பு ஜன்னி. இதில் நம் குன்னூருக்கும் பங்கு உண்டு. 1907இல் வெறிநாய்க்கடி மருந்துக்காகத் தொடங்கிய பாஸ்டர் நிலையம், பிற்காலத்தில் குழந்தைகளுக்கான முத்தடுப்பு ஊசியைத் தயாரித்தது. அந்த மூன்றில் ஒன்று டெட்டனஸுக்கானது. சிம்ஸ் பூங்காவுக்குப் போகும்போது அந்தக் கட்டடத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா கடந்து போகிறோம்!

பிறகு எல்லாம் வேகமாக வந்தது. 1895இல் எக்ஸ்ரே. 1940களில் பென்சிலின். எலும்பின் நடுக்குழாயில் கம்பி செலுத்துவதை ஜெர்மனியில் குன்ட்ஷர் தொடங்கினார். நம் ஊரில் 'ராடு வைத்திருக்கிறார்கள்' என்பது அதைத்தான். 1958இல் சுவிட்சர்லாந்தில் ஒரு குழு பிளேட், ஸ்குரூ வைக்கும் முறையை ஒழுங்குபடுத்தியது. சைபீரியாவின் குர்கானில் இலிசரோவ் வளையங்களை மாட்டி, ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் எலும்பை வளர்த்துக் காட்டினார்.

ஆனால் கருவிகள் பெருகியதும் ஒரு புதுச் சிக்கல் வந்தது. எல்லாக் காலும் ஒரே மாதிரி உடைவதில்லையே. எதைக் காப்பாற்றலாம், எதை விட்டுவிட வேண்டும்? 1976இல் அமெரிக்காவில் கஸ்டிலோ, ஆண்டர்சன் என்ற இரு மருத்துவர்கள் 1,025 காய முறிவுகளைப் பார்த்து மூன்று வகையாகப் பிரித்தார்கள். கஸ்டிலோ பிலிப்பைன்ஸ்காரர். மூன்றாம் வகைதான் மோசமானது. முன்பு அதில் நூற்றுக்கு 44 பேருக்குச் சீழ் பிடித்தது. காயத்தை நன்றாகக் கழுவிச் செத்த சதையை அகற்றி, ஆன்டிபயாடிக் கொடுத்து ஒழுங்காகச் செய்தபோது அது 9 ஆகக் குறைந்தது. 1986இல் லுப்லியானாவின் கோடினா வேறொன்றைக் காட்டினார். எலும்பு தெரியும் காயத்தை உடம்பின் வேறு இடத்துச் சதையை எடுத்து 72 மணி நேரத்துக்குள் மூடினால், வைத்த சதை நூற்றுக்கு ஒன்றுகூடக் கெடுவதில்லை. தள்ளிப்போட்டுச் செய்தால் பன்னிரண்டு கெடுகிறது. எலும்பு டாக்டரும் பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டரும் ஒரே மேசையில் நிற்க வேண்டும் என்ற எண்ணம் இப்படித்தான் வலுப்பட்டது.

இப்போது நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். ஊட்டியிலிருந்து குன்னூர், பர்லியாறு, 14 கொண்டை ஊசி வளைவு, மேட்டுப்பாளையம் என்று இறங்கி அதே ரோட்டில் நேராகப் போனால் கோயமுத்தூரில் கங்கா மருத்துவமனை. 1978இல் டாக்டர் ஜே.ஜி. சண்முகநாதனும் அவர் மனைவி கனகவல்லியும் தொடங்கிய சிறிய நர்சிங் ஹோம். பின்னர் அவர்களுடைய மகன்கள் இருவர், எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரனும் பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவர் எஸ். ராஜா சபாபதியும், அங்கே சேர்ந்து வேலை செய்தார்கள். கோடினா சொன்ன அந்த ஒரே மேசை இங்கே ஒரே குடும்பத்தில் அமைந்தது.

கால் எடுக்கலாமா கூடாதா என்று சொல்ல 1990இல் அமெரிக்காவில் ஒரு மதிப்பெண் முறை வந்திருந்தது. ஏழும் அதற்கு மேலும் என்றால் எடுக்க வேண்டும் என்பது அதன் கணக்கு. அது இரத்தக் குழாய் அறுந்த கால்களுக்குத்தான் அதிகம் பொருந்தும். நம் ரோடுகளில் அடிபட்டு வருபவர்களில் பலருக்கு இரத்த ஓட்டம் இருக்கும். ஆனால் தோல், சதை, எலும்பு மூன்றும் சிதைந்திருக்கும். அவர்களுக்காகக் கோயமுத்தூரில் ஒரு மதிப்பெண் முறையை உருவாக்கி, 109 முழங்கால் கீழ் எலும்பு முறிவுகளில் சோதித்து, 2006இல் ஆங்கில எலும்பு மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். இன்று அதற்கு உலகம் முழுவதும் கங்கா மருத்துவமனை மதிப்பெண் என்றே பெயர்.

வாத்தியார் என்பதால் மதிப்பெண் என்றதும் எனக்கு ஆர்வம் வந்துவிட்டது! தோலுக்கு ஐந்து, எலும்புக்கு ஐந்து, தசை நரம்புக்கு ஐந்து. அதோடு ஏழு கேள்விகள், 'ஆம்' என்றால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு. காயத்தைக் கழுவிச் சுத்தம் செய்ய 12 மணி நேரத்துக்கு மேல் ஆனதா? சாக்கடை, சாணம் போன்ற அழுக்குப் பட்டதா? வயது 65க்கு மேலா? மருந்து எடுக்கும் சர்க்கரை நோயோ, இதய நுரையீரல் நோயோ உண்டா? நெஞ்சு, வயிற்றிலும் பலத்த அடியா? வந்தபோது இரத்த அழுத்தம் 90க்குக் கீழா? அதே காலில் வேறு பெரிய அடியா? இந்தப் பரீட்சையில் மதிப்பெண் குறைந்தால்தான் பாஸ். 14 வரை என்றால் காலைக் காப்பாற்ற முயலலாம். 17உம் அதற்கு மேலும் என்றால் பெரும்பாலும் எடுப்பதே நல்லது. 15, 16 இரண்டும்கெட்டான். அங்கே அனுபவமுள்ள டாக்டரும் குடும்பமும் உட்கார்ந்து பேசித்தான் முடிவெடுக்க வேண்டும்.

இங்கேதான் என் தலைப்புக் கேள்வி வருகிறது. காலை எடுக்கலாம் என்று டாக்டர் சொன்னால், கைவிட்டுவிட்டார் என்றே நாம் நினைக்கிறோம். அமெரிக்காவில் எட்டுப் பெரிய மருத்துவமனைகளில் காலில் பலத்த அடிபட்ட 569 பேரை இரண்டு வருடம் தொடர்ந்து பார்த்து, 2002இல் முடிவை வெளியிட்டார்கள். காலைக் காப்பாற்றியவர்களும் சரி, கால் எடுக்கப்பட்டவர்களும் சரி, அன்றாட வாழ்க்கையில் ஏறக்குறைய ஒரே நிலையில்தான் இருந்தார்கள். இரு பக்கத்திலும் பாதிப் பேர்தான் வேலைக்குத் திரும்பியிருந்தார்கள். காலைக் காப்பாற்றிக்கொண்டவர்கள் திரும்பத் திரும்ப ஆஸ்பத்திரியில் சேர்ந்தது இன்னும் அதிகம்.

அதைவிட முக்கியமான செய்தி ஒன்று அதில் உண்டு. நன்றாகத் தேறாமல் போனதற்கு முறிவு மட்டும் காரணமில்லை. வறுமை, குறைந்த படிப்பு, புகைப் பழக்கம், தாங்கிப் பிடிக்க ஆள் இல்லாமை, நம்மால் முடியும் என்ற எண்ணம் இல்லாமை, இவையெல்லாம் சேர்ந்துதான் காரணம்.

இதை நம் எஸ்டேட்டில் வைத்துப் பாருங்கள். சமதளத்தில் கடையில் உட்காருபவருக்கு மடங்காத கணுக்கால் ஒரு தொந்தரவு. சரிவில் நின்று கொழுந்து எடுக்கும் அம்மாவுக்கு அதுவே பிழைப்பு போன மாதிரி. எக்ஸ்ரேயில் எலும்பு கூடிவிட்டது, ரிப்போர்ட் நன்றாக இருக்கிறது. ஆனால் ஈரமான சரிவில் ஒரு காலை ஊன்ற முடியவில்லை. வேலை போனால் லயன் வீடும் போய்விடுமோ என்ற பயம் வேறு. என்னிடம் படித்த ஒரு பெண்ணின் அம்மா இப்படித்தான் ஒன்றரை வருடம் வீட்டில் இருந்தார். ராடு வைத்த கால் கூடியது. ஆனால் பயிற்சிக்குக் கீழே போய்வரப் பஸ் காசும் இல்லை, கூடப் போக ஆளும் இல்லை. கடைசியில் பக்கத்து லயன் பெண்கள் முறை வைத்துக் கூட்டிப் போனார்கள். இப்போது அவர் சரிவுக்குப் போவதில்லை. பிள்ளைகள் காப்பகத்தில் வேலை செய்கிறார். அறுவை சிகிச்சை வெற்றியா என்று கேட்டால், அந்தப் பக்கத்து வீட்டுப் பெண்களையும் சேர்த்துத்தான் நான் பதில் சொல்வேன்.

ஆகவே நண்பர்களே, சரித்திரம் நமக்குச் சொல்வது இது. அந்த ஏழு கேள்விகளில் நம் வயதை நாம் மாற்ற முடியாது, சர்க்கரையை அன்றைக்கு மாற்ற முடியாது. நேரமும் அழுக்கும் ஓரளவு நம் கையில் இருக்கின்றன.

எலும்பு தெரியும் காயத்தில் மஞ்சள், காப்பித்தூள், எண்ணெய், பச்சிலை எதுவும் வைக்காதீர்கள். வெளியே வந்த எலும்பை உள்ளே தள்ளாதீர்கள். சுத்தமான துணியால் மூடி, இரத்தம் வந்தால் அழுத்திப் பிடியுங்கள். கட்டையோ குடையோ வைத்துக் காலை ஆடாமல் கட்டுங்கள், தாமஸ் சட்டம் செய்த வேலை அதுதான். இறுக்கிக் கட்ட வேண்டாம். 108ஐக் கூப்பிடுங்கள். அடிபட்ட மணியை ஒரு தாளில் எழுதி, சாப்பிடும் மாத்திரைச் சீட்டோடு அனுப்புங்கள். முதலில் போய்ச் சேரும் ஆஸ்பத்திரியிலேயே டெட்டனஸ் ஊசியும் ஆன்டிபயாடிக்கும் போட்டார்களா என்று கேளுங்கள். சாலை விபத்து என்றால் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசின் 'நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

காலை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னால் சண்டை போடாமல் மூன்று கேள்வி கேளுங்கள். மதிப்பெண் எவ்வளவு? காப்பாற்றினால் இன்னும் எத்தனை ஆபரேஷன்? இவர் செய்யும் வேலைக்கு எந்தக் கால் உதவும், மிச்சமிருக்கும் காலா, செயற்கைக் காலா? முடிவு எதுவானாலும் அடிபட்டவரைக் கேட்காமல் எடுக்காதீர்கள்.

கட்டுப் பிரித்த பிறகு, பக்கத்து வீட்டில் யாராவது பயிற்சிக்குப் போக வேண்டியிருந்தால், வாரம் ஒரு நாள் கூடப் போய்வாருங்கள். உங்கள் எஸ்டேட்டிலும் ஹட்டியிலும் இப்படித் தேறி வந்தவர்கள் இருந்தால், அவர்களுக்கு எது உதவியது என்று கீழே எழுதுங்கள். படிப்பவர்களுக்குப் பயன்படும்.