பதிவேடும் பாதுகாப்பும்: சான் புரூனோ தரும் வரலாற்றுப் படிப்பினை

அரசுகளின் வரலாற்றை ஆராய்வோர் கல்வெட்டுக்களையும் பட்டயங்களையும் நாடுவர். பெருநிறுவனங்களின் வரலாற்றை ஆராய்வோர்க்கு அத்தகைய சான்றுகளாக அமைவன கணக்கேடுகளும் வரைபடங்களும் கோவைகளுமாம். சான்று பிழையாயின் வரலாறும் பிழைபடும் என்பது யாவரும் அறிந்ததே. ஆயின் ஒரு நிறுவனம் தன் சொந்தச் சான்றையே பிழையாக எழுதிவைத்து, அப்பிழையின்மீது பல ஆண்டுகளாக முடிவுகளை எடுத்து வருமாயின், அதன் விளைவு ஏட்டோடு நின்றுவிடுவதில்லை. இவ்வுண்மையை நிறுவிய நிகழ்ச்சி 2010 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்தில் நிகழ்ந்தது. இன்று 'தரவு ஆளுகை' எனப்படும் துறையின் பெறுமதியை உணர்தற்கு அதனை விரிவாக நோக்குதல் தகும்.

பசிபிக் காஸ் அன்ட் எலெக்ட்ரிக் கம்பனி 1905 ஆம் ஆண்டிலே முன்னிருந்த கம்பனிகள் ஒன்றிணைந்தமையால் உருவாயிற்று. காலப்போக்கில் வட, மத்திய கலிபோர்ணியாவின் பெரும்பகுதிக்கும் மின்சாரமும் இயற்கை வாயுவும் வழங்கும் பேரமைப்பாக அது வளர்ந்தது. இவ்வாறு வளரும் நிறுவனமொன்று பிற கம்பனிகளை வாங்குங்கால் அவற்றின் கம்பிகளையும் குழாய்களையும் மட்டுமன்றி அவற்றின் ஏடுகளையும், அவ்வேடுகளிலுள்ள குறைகளையும் சேர்த்தே பெறுகின்றது.

2010 செப்டெம்பர் 9 ஆந் திகதி மாலை 6.11 மணியளவில், சான் பிரான்சிஸ்கோ நகருக்குத் தெற்கேயுள்ள சான் புரூனோவில், குடிமனைகளின் நடுவே நிலத்தடியிற் சென்ற 30 அங்குல விட்டமுடைய வாயுக்குழாய் வெடித்தது. ஏறத்தாழ 28 அடி நீளமான குழாய்த்துண்டு மண்ணினின்றும் பெயர்ந்து நூறடி தூரத்தில் வீழ்ந்தது. எட்டுப் பேர் உயிரிழந்தனர். 38 வீடுகள் அழிந்தன. வாயுவின் ஓட்டத்தை நிறுத்துதற்கு 95 நிமிடங்கள் சென்றன. இறந்தோருள் ஒருவர், அக்கம்பனியை மேற்பார்வை செய்யும் மாநிலப் பொதுப்பயன்பாட்டு ஆணைக்குழுவிலேயே பணிபுரிந்தவர்.

தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை இவ்விபத்தை ஆராய்ந்தது. வெடித்த பகுதி, 1948 இல் அமைக்கப்பட்ட 132 ஆம் இலக்கக் குழாய்ப்பாதையில், வீடமைப்பின் பொருட்டு 1956 இல் இடம்மாற்றி இடப்பட்ட பகுதியாகும். கம்பனியின் கணினியிலிருந்த புவியியல் தகவல் முறைமை அதனைப் 'பொருத்தற்ற குழாய்' எனக் குறித்திருந்தது. மண்ணினின்றும் வெளிப்பட்ட குழாயோ நெடுக்குப் பொருத்து உடையதாய் இருந்தது. அன்றியும் அதன் ஒரு பகுதி ஆறு குறுந்துண்டுகளை இணைத்து ஆக்கப்பட்டிருந்தது. அத்துண்டுகளுட் சிலவற்றின் பொருத்து வெளிப்புறத்தே மட்டும் உருக்கி இணைக்கப்பட்டு, உட்புறத்தே இணைக்கப்படாது விடப்பட்டிருந்தது. அக்குறையுள்ள பொருத்தே பிளந்தது.

இப்பிழை ஏட்டில் ஏறிய வழி ஆராயத்தக்கது. கணினிக்கு மூலமாக அமைந்தது 1977 ஆம் ஆண்டின் குழாய் அளவைத் தாளாகும். அத்தாளுக்கு மூலமாக அமைந்தவை பொறியியல் ஆவணங்கள் அல்ல. கணக்குப் பகுதியின் பதிவுச் சீட்டுக்கள். பணக்கணக்குக்காக எழுதப்பட்ட குறிப்பு பொறியியல் உண்மையாக மாறியது. தாளிலிருந்து கணினிக்குப் பெயர்க்கப்பட்டபோது அதற்கு மேலும் ஒரு நம்பகத்தன்மை வந்து சேர்ந்தது. 30 அங்குல விட்டமுடைய பொருத்தற்ற குழாயை அக்காலத்து அமெரிக்க ஆலைகள் ஆக்கவில்லை என்பதைப் புலனாய்வாளர் எடுத்துக்காட்டினர். அதாவது, இருந்திருக்க முடியாத ஒரு பொருளை ஏடு இருப்பதாகக் கூறியது; அதனை எவரும் வினவவில்லை. அதே குழாய்ப்பாதை பற்றிய தரவுகளிற் பல, அறியப்படாதனவாகவும் ஊகித்து நிரப்பப்பட்டனவாகவும் இருந்தமையும் வெளிப்பட்டது.

ஏட்டுப்பிழை செயற்பிழையாக மாறியமைக்குச் சட்டமும் ஓரளவு இடமளித்தது. 1970 இல் நடைமுறைக்கு வந்த சமஷ்டி விதிகள், பழைய குழாய்களை நீரழுத்தத்தாற் சோதிக்க வேண்டுமெனக் கட்டாயப்படுத்தவில்லை. முந்திய ஐந்தாண்டுகளில் அவை தாங்கிய உச்ச அழுத்தத்தையே எல்லையாகக் கொள்ள அனுமதித்தன. இதனாற் பலவீனமான பொருத்து சோதனைக்குத் தப்பியது. பின்னர் குழாய்களின் திண்மையை மதிப்பிடும் திட்டம் வந்தபோதும், பொருத்தே இல்லையென ஏடு கூறியமையாற் பொருத்தில் அபாயம் உண்டோ என ஆராயப்படவில்லை. வெளிப்புற அரிப்பை அறியும் முறையே கையாளப்பட்டது. விபத்து நிகழ்ந்த மாலையில், மில்பிற்றாஸ் நிலையத்தில் நடைபெற்ற மின்வேலையினால் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 386 இறாத்தலாக உயர்ந்தது. ஏட்டில் அனுமதிக்கப்பட்ட எல்லை 400 இறாத்தல். ஏட்டின்படி பாதுகாப்பான அழுத்தத்திலேயே குழாய் பிளந்தது என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

2011 சனவரியில் மேற்படி சபை கம்பனிக்கு அவசர விதப்புரைகளை வழங்கியது. குழாய்களின் அழுத்த எல்லையை நிறுவும் பதிவுகள் மூலத்தைத் தொடர்ந்தறியத்தக்கனவாகவும், உறுதிப்படுத்தத்தக்கனவாகவும், முழுமையானவையாகவும் இருத்தல் வேண்டும் என்பதே அவற்றின் சாரம். அதன் பின்னர் நிகழ்ந்தது வியப்புக்குரியது. டேலி சிற்றியிலுள்ள கௌ பலஸ் என்னும் பெரும் அரங்கு வாடகைக்குப் பெறப்பட்டது. பல பண்டகசாலைகளிலும் அலுவலகங்களிலும் சிதறிக்கிடந்த ஆவணப் பெட்டிகள் அங்கே குவிக்கப்பட்டன. ஊழியர் இரவு பகலாகத் தாள்களைப் புரட்டினர். அரைநூற்றாண்டாகத் தேடப்படாதது சில வாரங்களில் தேடப்பட்டது. சான்று கிடைக்காத குழாய்களை நீரழுத்தத்தாற் சோதிக்கவோ மாற்றவோ வேண்டுமென 2011 யூன் மாதத்தில் மாநில ஆணைக்குழு கட்டளையிட்டது. ஒரு தாளைப் பேணுதற்கு ஆகும் செலவு சிறிது. அது தொலைந்தபின் மண்ணைத் தோண்டி உண்மையை மீட்கும் செலவு மிகப் பெரிது.

2015 ஏப்பிரலில் ஆணைக்குழு 160 கோடி டொலர் பெறுமதியான தண்டத்தை விதித்தது. அதில் 85 கோடி பாதுகாப்பு வேலைகளுக்கு ஒதுக்கப்பட்டது. 2016 ஓகஸ்டில் சமஷ்டி நீதிமன்றத்து யூரிமார் கம்பனியை ஆறு குற்றங்களிற் குற்றவாளியெனக் கண்டனர். தன்னிடமிருந்த தரவுகளைத் திரட்டி ஒருங்கிணைக்கத் தவறியமையும் அவற்றுள் ஒன்றாகும். தரவைப் புறக்கணித்தல் அலுவலகச் சோம்பல் மட்டுமன்று, குற்றமாகவும் அமையலாம் என்பதை இத்தீர்ப்பு உலகறியச் செய்தது.

இவ்வரலாற்றினின்றும் தரவு ஆளுகைக்குத் தலைமை தாங்குவோரின் கடமை யாதென உணரலாம். அது கணினிகளை வாங்குவதன்று. ஒவ்வொரு தரவுக்கும் பொறுப்பாளர் யார், அது எம்மூலத்தினின்றும் வந்தது, அளந்தறிந்ததா ஊகித்ததா, அதனை இறுதியாகச் சரிபார்த்தவர் யார் என்னும் வினாக்களுக்கு நிறுவனம் எப்போதும் விடையளிக்கக்கூடிய நிலையை உண்டாக்குவதே அக்கடமை. 'அறியோம்' என ஏட்டில் எழுதத் துணிவதும் அதன் ஒரு பகுதியே. கணக்கருக்கும் பொறியியலாளருக்கும் நிலத்தைத் தோண்டும் தொழிலாளிக்கும் இடையே உண்மை தடையின்றிச் செல்லும் வழியை அமைத்தற்கு அதிகாரமும் வேண்டும். அவ்வதிகாரம் இல்லாத தலைவர் எழுதும் விதிகள் மேலும் ஒரு கோவையாகவே முடியும்.

படிப்பினை ஒருமுறையிற் கைவருவதன்று. அதே கம்பனி 1930 இல் வேறொரு கம்பனியுடன் சேர்த்துப் பெற்ற பழைய மின்கம்பிப் பாதையொன்றில், தேய்ந்த கொளுக்கி ஒன்று முறிந்தமையால் 2018 நவம்பரில் எழுந்த காட்டுத்தீ, பரடைஸ் நகரை அழித்து 85 உயிர்களைக் கொண்டது. 2019 ஒக்டோபரில் வெளியான சமஷ்டி விதிகள் சான் புரூனோவின் படிப்பினையை நாடு முழுவதற்கும் உரிய சட்டமாக்கின. பழைய குழாய்களுக்கு அளிக்கப்பட்ட சலுகை பெரிதும் சுருங்கிற்று. எனினும் சட்டம் தாளைக் கேட்குமேயன்றித் தாளின் உண்மையைத் தானே படைக்காது. 1956 இல் குழாயை இட்ட கைகள் எவற்றை இணைத்தன என்பதை அன்றே ஒருவர் நேர்மையாக எழுதி, பின்வந்தோர் அதனைப் பேணியிருப்பின், அம்மாலையில் எட்டுப் பேர் தம் வீடுகளிற் பாதுகாப்பாக இருந்திருத்தல் கூடும்.